தாலுகா ஊரில் தனி ஆபீஸ்: முதல் வருடத்தில் எதையெல்லாம் சரியாக அமைத்துக்கொள்ள வேண்டும்?

புதுபோர்டு:

சீனியர்களுக்கு வணக்கம். மாவட்டத் தலைநகரில் ஐந்து வருடம் ஜூனியராக இருந்துவிட்டு, அடுத்த மாதம் சொந்தத் தாலுகாவில் தனியாக ஆபீஸ் போடுகிறேன். ஊரில் இருப்பது ஒரே கோர்ட்: மாவட்ட உரிமையியல் மற்றும் நீதித்துறை நடுவர் நீதிமன்றம். சிவிலும் கிரிமினலும் அதே ஹால்தான். சப் கோர்ட்டுக்கும் விபத்து இழப்பீட்டு வழக்குக்கும் மாவட்டத் தலைநகருக்குப் பஸ் ஏற வேண்டும். சார்பதிவாளர் ஆபீஸ், தாலுகா ஆபீஸ், போலீஸ் ஸ்டேஷன் எல்லாம் நடக்கிற தூரம்.

ஒரே வகை கேஸை வைத்துக்கொண்டு இங்கே உட்கார முடியாது. இன்ஜங்ஷன், பாகப்பிரிவினை, புரோநோட்டு, செக் கேஸ், ஜாமீன், ஜீவனாம்சம், பத்திரம் பார்த்து ஒப்பீனியன், எது வந்தாலும் எடுக்க வேண்டும். வாதாடுவது பற்றி நான் கேட்கவில்லை. ஆபீஸை நடத்துவது பற்றித்தான் கேட்கிறேன். சீனியர் ஆபீஸில் டைரி ஒருவர், ஃபைலிங் ஒருவர், ஃபீஸ் பேசுவது சீனியர் என்று இருந்தது. இனி மூன்றும் நானேதான்.

என்னென்ன ரிஜிஸ்டர் வைப்பது, கெடு தவறாமல் இருக்க என்ன வழி, ஃபீஸை எப்படிப் பிரித்து வாங்குவது, குமாஸ்தா முதல் நாளிலிருந்தே வேண்டுமா? சின்ன ஊர் என்பதால் எதிர்த்தரப்பும் தெரிந்தவராகவே இருப்பார், அதை எப்படிக் கையாள்வது என்பதும் தெரியவில்லை.

முன்சீப்கோர்ட் வராண்டா:

டைரியிலிருந்து ஆரம்பியுங்கள் தம்பி. ஒன்று போதாது, இரண்டு வேண்டும்.

முதலாவது எல்லோரும் வைத்திருக்கிற வாய்தா டைரி. கேஸ் நம்பர், கட்சிக்காரர் பெயர், போன வாய்தா, எந்தக் கட்டம், அடுத்த வாய்தா. இதில் தவறு நடந்தால்கூட ஈகோர்ட்ஸ் ஆப் காட்டிக்கொடுத்துவிடும். ஒவ்வொரு கட்டின் மேலட்டையிலும் 16 எழுத்து சி.என்.ஆர். எண்ணை (ஒவ்வொரு வழக்குக்கும் கோர்ட் தருகிற தனி எண்) எழுதி, ஆப்பில் 'என் வழக்குகள்' பகுதியில் ஏற்றிவிடுங்கள். தினமும் சாயங்காலம் டைரியையும் ஆப்பையும் ஒத்துப் பாருங்கள். ஆப்பை மட்டும் நம்பாதீர்கள். தேதி ஏறுவது சில நாள் தாமதமாகும், அதற்குள் வாய்தா போய்விடலாம்.

இரண்டாவது கெடு நோட்டு. இதைத்தான் பெரும்பாலோர் வைப்பதில்லை. வாய்தா தேதியைக் கோர்ட் சொல்லும், கெடு தேதியை யாரும் சொல்ல மாட்டார்கள். ஒரு கெடுவுக்கு மூன்று பதிவு போடுங்கள்: கடைசி நாள், அதற்கு 15 நாள் முன்பு, 3 நாள் முன்பு. கட்சிக்காரர் காகிதத்தை மேஜையில் வைத்த அன்றே மூன்றையும் எழுதிவிட வேண்டும். ஃபீஸ் முடிவாகட்டும், பிறகு எழுதலாம் என்று தள்ளிய கேஸ்தான் தவறும்.

அந்த நோட்டில் ஏற வேண்டியவற்றில் தினம் வருபவை இவை. புரோநோட்டு: எழுதிய நாளிலிருந்து 3 வருடம். இடையில் வரவு வைத்திருந்தால் அது கெடு முடிவதற்கு முன் கடன் வாங்கியவர் கையெழுத்தோடு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். கடன் கொடுத்தவரே எழுதிய வரவு உதவாது. தாவா போடுவதில் தாமதமானால் லிமிடேஷன் சட்டம் 5-வது பிரிவில் மன்னிப்புக் கேட்க முடியாது என்பதால் இதில் ஒரு நாள் தவறினாலும் கட்சிக்காரரின் பணம் போனதுதான். எதிர்வழக்குரை: சம்மன் சார்வான (பிரதிவாதி கைக்குச் சேர்ந்த) நாளிலிருந்து 30 நாள், கோர்ட் நீட்டித்தால் 90 வரை. எக்ஸ்பார்ட்டி டிகிரியை, அதாவது ஒரு தரப்பு வராமலே ஆன டிகிரியை, ரத்து செய்ய 30 நாள். வாதி வராததால் டிஸ்மிஸ் ஃபார் டிஃபால்ட் ஆன தாவாவைத் திரும்ப எடுக்கவும் 30 நாள். முன்சீப் கோர்ட் (உங்கள் மாவட்ட உரிமையியல் கோர்ட்தான்) தீர்ப்பின் மீது அப்பீல் 30 நாள். இதில் நகலுக்கு மனுப் போட்டதிலிருந்து நகல் தயாராகும் வரையான நாட்கள் கழியும், அதனால் தீர்ப்பு வந்த அன்றே நகல் மனுப் போட்டுவிடுங்கள். டிகிரியை நிறைவேற்ற 12 வருடம் என்பது எல்லோருக்கும் தெரியும். செயலுறுத்துக் கட்டளைக்கு (மேண்டட்டரி இன்ஜங்ஷன்), அதாவது சுவரை இடி, பாதையைத் திற என்கிற டிகிரிக்கு, 3 வருடம்தான் என்பது பலருக்கு மறந்துபோகும்.

கட்சிக்காரர் இறந்தால் வாரிசுகளைச் சேர்க்க 90 நாள். அது தாண்டினால் தாவா அற்றுப்போகும். அதை ரத்து செய்ய இன்னும் 60 நாள். தன் கட்சிக்காரர் இறந்ததைக் கோர்ட்டுக்குத் தெரிவிப்பது வக்கீலின் கடமை என்று சிவில் நடைமுறைச் சட்டம் ஆர்டர் 22 ரூல் 10-ஏ சொல்கிறது. சின்ன ஊரில் சாவுச் செய்தி உடனே காதில் விழும். அன்றைக்கே அந்தக் கட்டை எடுத்துத் தேதியைக் குறித்துவிடுங்கள்.

செக் கேஸுக்குத் தனிப் பக்கம் ஒதுக்குங்கள், ஏனென்றால் அதில் நான்கு கெடு வரிசையாக ஓடும். செக் தேதியிலிருந்து 3 மாதத்துக்குள் வங்கியில் போட்டிருக்க வேண்டும். உதாரணத்துக்கு, திரும்பிய மெமோ மார்ச் 5 அன்று கையில் கிடைத்தது என்றால் நோட்டீஸ் ஏப்ரல் 4-க்குள் போக வேண்டும். எதிரிக்கு ஏப்ரல் 10 அன்று சார்வானால் பணம் கட்ட அவருக்கு 25 வரை அவகாசம். 26-ஆம் தேதி வழக்குமூலம் (வழக்குப் போடும் உரிமை) பிறக்கிறது. அதிலிருந்து ஒரு மாதம், அதாவது மே 26. நோட்டில் மே 15 என்று எழுதி வையுங்கள்.

மே மாதம் என்பதால் இதையும் சொல்லிவிடுகிறேன். கோடை விடுமுறை சிவில் பக்கத்துக்குத்தான். உங்கள் கோர்ட் இரண்டும் சேர்ந்தது, ஆனால் நடுவர் பக்கம் மே மாதமும் இயங்கும். புரோநோட்டுக்கெடு விடுமுறையில் முடிந்தால் திறக்கிற நாளில் தாக்கல் செய்யலாம். செக் புகாருக்கு அந்தச் சலுகையை நம்பி உட்கார்ந்தால் தாமத மன்னிப்பு மனுவோடுதான் போக வேண்டிவரும்.

செக் நோட்டீஸில் கேட்கிற தொகை செக் தொகையோடு பைசா சுத்தமாகப் பொருந்த வேண்டும். வட்டி, நோட்டீஸ் செலவு கேட்பதானால் தனியாகப் பிரித்து எழுதுங்கள். மொத்தமாக ஒரே தொகையாகப் போட்டு நோட்டீஸே செல்லாமல் போன தீர்ப்புகள் நிறைய.

தனியாக இருப்பவர் தவறவிடுகிற இன்னொன்று, இடைக்கால இன்ஜங்ஷனை எதிர்த்தரப்பு இல்லாமல் வாங்கியதற்குப் பிறகு வரும் வேலை. ஆர்டர் 39 ரூல் 3 என்ன சொல்கிறது? மனு, அபிடவிட், பிராது (தாவாவின் வழக்குரை), ஆவண நகல் எல்லாவற்றையும் உடனே எதிர்த்தரப்புக்குப் பதிவுத்தபாலில் அனுப்ப வேண்டும். அனுப்பியதற்கான அபிடவிட்டை அதே நாளோ மறுநாளோ கோர்ட்டில் போட வேண்டும். உத்தரவு வந்த சந்தோஷத்தில் கட்சிக்காரரை அனுப்பிவிட்டு அடுத்த கேஸுக்குப் போய்விட்டால், எதிர்த்தரப்பு வக்கீல் முதல் வேலையாக இதைக் காட்டித்தான் உத்தரவைக் கலைக்கச் சொல்வார். கவர் எழுதி, ஸ்டாம்ப் ஒட்டி, மனுவோடு முதலிலேயே தயாராக வைத்திருங்கள்.

கிரிமினலில் ஒரே ஒரு கணக்கு: சார்ஜ் ஷீட் வராவிட்டால் 60 அல்லது 90 நாளில் கிடைக்கிற ஜாமீன், இப்போது பி.என்.எஸ்.எஸ். (புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டம்) 187(3). ரிமாண்ட் ஆன நாளையும் சேர்த்து எண்ண வேண்டும். கெடு முடிந்ததும், சார்ஜ் ஷீட் வந்து சேர்வதற்குள் மனு உள்ளே போயிருக்க வேண்டும். அரை நாள் தாமதித்தாலும் அந்த உரிமை கைவிட்டுப் போகும், ஒரு மனிதர் சிறையில் இருப்பது நீளும்.

கட்டுக்காரர்:

வணக்கம் சார். குமாஸ்தா வேலைப் பக்கமிருந்து எழுதுறேன். முதல் ஆறு மாசம் நீங்களே ஃபைலிங் பண்ணுங்க. எது ரிட்டர்ன் ஆகுது (குறை இருக்குன்னு கோர்ட் திருப்பி அனுப்புறது), ஏன் ஆகுதுன்னு கை பழகணும். அதுக்கப்புறம் ஆள் வைங்க. முதல் நாளே குமாஸ்தா கையில விட்டா, அவர் லீவு போட்ட அன்னைக்கு ஆபீஸே நிக்கும்.

ரிட்டர்ன் ஆகிறதுல பாதி வக்காலத்துலயும் மதிப்பீட்டுலயும்தான். வக்காலத்துல கட்சிக்காரர் கையெழுத்துக்கு அத்தாட்சி இருக்கா, ஏத்துக்கிட்டதுக்கு உங்க கையெழுத்து இருக்கா, பதிவு எண் இருக்கா, வக்கீல் சேமநல நிதி ஸ்டாம்ப் ஒட்டியிருக்கா, இந்த நாலையும் பாருங்க. கைநாட்டுன்னா இடது பெருவிரல், பக்கத்துல யாருடையதுன்னு எழுத்து, படிச்சுக் காட்டிப் புரிஞ்சுக்கிட்டார்ங்கிற குறிப்பு. வெத்து வக்காலத்துல கையெழுத்து வாங்கி அடுக்கி வைக்கிற பழக்கம் வேண்டவே வேண்டாம். கட்சிக்காரர் ஒருநாள் "நான் இந்த வழக்கே போடலை"ன்னா பதில் சொல்ல முடியாது.

மதிப்பீட்டுல, அதாவது கோர்ட் ஃபீஸுக்காகத் தாவாவை மதிப்புப் போடுற இடத்துல, பிரிவு நம்பர் போடாமயே பிராது வரும். வெறும் இன்ஜங்ஷன்னா கோர்ட் ஃபீஸ் சட்டம் 27(சி). விளம்புகையோட (உரிமை இவருக்குன்னு அறிவிக்கக் கேக்கிறது) இன்ஜங்ஷன்னா 25(பி), விளம்புகையோட சுவாதீனம் (சொத்தைக் கையில ஒப்படைக்கக் கேக்கிறது)னா 25(ஏ). பாகப்பிரிவினையில வாதி கூட்டு அனுபவத்துல இருந்தா 37(2), வெளியேத்தப்பட்டிருந்தா 37(1). பிராதுக்குள்ள "வாதி சொத்துல இல்லை"ன்னு ஒரு பாராவுல எழுதிட்டு மதிப்பீட்டுல 37(2) போட்டா ரிட்டர்ன்தான். பணத் தாவாவுக்கு 2017-லேர்ந்து 3 சதவீதம், 2 லட்சம்னா 6,000 ரூபாய். அதுக்கு முன்னாடி 7.5 சதவீதம் இருந்துச்சு, பழைய மாதிரிப் பிராதைப் பார்த்து எழுதுறவங்க இன்னும் தப்புப் பண்றாங்க. முன்சீப் கோர்ட்டுக்கு 10 லட்சம் வரைதான். அதுக்கு மேல போனா சப் கோர்ட்.

தபசில் (சொத்து விவரம்) எழுதும்போது பத்திரத்துல ஏக்கர் சென்ட் இருக்கும், பட்டாவுல ஹெக்டேர் ஏர்ஸ் இருக்கும். ரெண்டையும் எழுதுங்க, ஒத்துப்போகுதான்னு கணக்குப் போடுங்க. 10 ஏர்ஸ்னா ஏறக்குறைய 24.7 சென்ட். செக்குபந்தி (நாலு பக்க எல்லை) இல்லாத தபசில் வேண்டாம். செக்குபந்தியில "ராமசாமி நிலத்துக்கு வடக்கு"ன்னு அறுபது வருஷத்துப் பத்திரத்துல இருக்கிறதை அப்படியே எழுதினா இன்னைக்கு கோர்ட் அமீன் போய் நின்னா இடம் தெரியாது. பழைய எல்லையையும் எழுதி, இப்ப யார் அனுபவத்துல இருக்காங்கன்னும் எழுதுங்க.

ஒரிஜினல் புரோநோட்டுல பஞ்ச் ஓட்டை போடாதீங்க, ஸ்டேப்ளர் அடிக்காதீங்க. ஒரு வெள்ளைக் கவர்ல போட்டு, கவரைக் கட்டோட சேருங்க. ரெவின்யூ ஸ்டாம்ப் மேல இருக்கிற கையெழுத்துதான் கேஸே. எந்த ஒரிஜினலா இருந்தாலும் உள்ளே போறதுக்கு முன்னாடி ரெண்டு பக்கமும் ஸ்கேன் பண்ணுங்க. பின்பக்க வரவை ஸ்கேன் பண்ணாம விட்டுட்டு அப்புறம் நகல் மனுப் போடுறவங்க அதிகம்.

பிரதிவாதி விலாசத்துல அப்பா பேர், தெரு, ஊர், அஞ்சல், பின்கோடு எல்லாம் வேணும். ஒரே தெருவுல அதே பேர்ல மூணு பேர் இருப்பாங்க. அப்பா பேர் தப்பானா சம்மன் "அப்படி ஒருவர் இல்லை"ன்னு திரும்பும், மூணு வாய்தா வீணாகும். பேட்டா (சம்மன் அனுப்புறதுக்கான கட்டணம்) கட்டுறதுக்கும் தனியா ஒரு தேதி டைரியில போடுங்க, பேட்டா கட்டலைன்னே தள்ளுபடி ஆன தாவா உண்டு.

ரிட்டர்ன் ஆனா எத்தனை நாள்ல திரும்பப் போடணும்னு அதுலயே எழுதியிருப்பாங்க. அதையும் கெடு நோட்டுல எழுதுங்க. ரிட்டர்ன் கட்டு அலமாரி மேல மாசக்கணக்காத் தூங்குறதுதான் தனி ஆபீஸோட பெரிய வியாதி. தாமதமானா அதுக்கு ஒரு மனு, அதுக்கு ஒரு நோட்டீஸ்னு நீளும்.

கணக்குநோட்டு:

ஃபீஸ் பற்றி. தொகை ஊருக்கு ஊர் மாறும், அதனால் எண் சொல்லவில்லை. வாங்குகிற முறையைச் சொல்கிறேன்.

வக்கீல் ஃபீஸ் வேறு, செலவு வேறு. முதல் நாளே இரண்டு தலைப்பாக எழுதிக் கொடுங்கள். கோர்ட் ஃபீஸ், பேட்டா, கமிஷனர் (இடத்தைப் பார்த்து அறிக்கை தரக் கோர்ட் நியமிக்கிறவர்) கட்டணம், நகல், டைப்பிங், சர்வேயர், இவை செலவு. இவற்றை ஃபீஸுக்குள் அடக்கி "மொத்தம் இவ்வளவு" என்று பேசினால், கமிஷனர் போடுகிற கட்டம் வரும்போது கையிலிருந்து போட வேண்டிவரும், அல்லது கமிஷன் மனுவே போடாமல் தள்ளிப்போடத் தோன்றும். நஷ்டம் கட்சிக்காரருக்கு. எல்லைத் தகராறில் கமிஷனர் அறிக்கையும் பிளானும் இல்லாமல் ஜெயிப்பது கஷ்டம்.

ஃபீஸைக் கட்டங்களாகப் பிரியுங்கள். தாவா என்றால் தாக்கலின்போது ஏறக்குறைய 40 சதவீதம், இடைக்கால மனு முடியும்போது 20, சாட்சி விசாரணை தொடங்கும்போது 25, வாதத்துக்கு முன் மீதி. வாய்தாவுக்கு இவ்வளவு என்று வாங்குகிற பழக்கம் சில ஊர்களில் இருக்கிறது. வழக்கு நீள நீள வக்கீலுக்கு வருமானம் என்று கட்சிக்காரர் நினைக்க அதுவே இடம் கொடுக்கிறது. அதை எடுத்துக்கொள்ளாதீர்கள்.

வெற்றி பெற்றால் இத்தனை சதவீதம் என்று பேசவே கூடாது. பார் கவுன்சில் விதி 20 அதை நேரடியாகத் தடுக்கிறது. விபத்து வழக்கில்தான் இந்தச் சபலம் அதிகம், கேட்டுக்கொண்டு வருகிற கட்சிக்காரரே "கிடைத்ததில் பாதி எடுத்துக்கோங்க" என்பார். காலை இழந்தவருக்கோ, புருஷனைப் பறிகொடுத்தவருக்கோ வருகிற பணம் அது. இழப்பீட்டுத் தொகை கட்சிக்காரர் வங்கிக் கணக்குக்கே நேராகப் போகும்படி மனுவில் கணக்கு விவரத்தைக் கொடுத்துவிடுங்கள். உங்கள் ஃபீஸை ரசீதோடு தனியாக வாங்குங்கள்.

கட்சிக்காரர் பணத்துக்குக் கணக்கு வைப்பது விதி 25 முதல் தொடர்கிறது. வெறும் அறிவுரை என்று நினைத்துவிட வேண்டாம். நடைமுறையில் மூன்று பொருள் போதும்: கார்பன் தாள் வைத்த ரசீதுப் புத்தகம், கட்சிக்காரருக்கு ஒரு பக்கம் வீதம் பேரேடு, தனி வங்கிக் கணக்கு. கோர்ட்டில் கட்டுவதற்காகக் கொடுத்த பணம் உங்கள் வீட்டுச் செலவுக் கணக்கில் ஒரு நாள்கூடக் கலக்கக் கூடாது. சமாதானப் பணத்தைக் கையில் ரொக்கமாக வாங்கி மாற்றிக் கொடுக்கிற வேலையும் வேண்டாம், கட்சிக்காரர் பெயரில் டி.டி. கேளுங்கள்.

ஃபீஸ் பாக்கி என்று கட்டைப் பிடித்துவைப்பதும் முடியாது. 2000-இல் ஆர்.டி. சக்சேனா வழக்கில் உச்ச நீதிமன்றம், கேஸ் கட்டின் மேல் வக்கீலுக்குப் பிடிமான உரிமை கிடையாது என்று சொல்லிவிட்டது. கட்டைத் திருப்பிக் கொடுத்து, என்னென்ன கொடுத்தோம் என்று பட்டியலில் கையெழுத்து வாங்குங்கள். பாக்கியை வேறு வழியில் கேளுங்கள்.

போர்டு பற்றி நீங்கள் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன். பெயர், படிப்பு, அட்வகேட், அவ்வளவே. 'சிவில் ஸ்பெஷலிஸ்ட்' என்றோ பார் சங்கப் பதவியோ எழுதக் கூடாது, விதி 36. ஆன்லைனில் கட்சிக்காரர் பிடித்துத் தருகிறோம் என்று வருகிற தளங்களிலும் சேராதீர்கள். 2024 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம் அதைக் கடுமையாகக் கண்டித்திருக்கிறது.

புதுபோர்டு:

எல்லோருக்கும் நன்றி. கெடு நோட்டு இன்றே வாங்கிவிட்டேன். ஒரு குறிப்பிட்ட சந்தேகம். அண்ணன் தம்பி தகராறில் அண்ணன் வந்து பத்திரம் எல்லாம் காட்டி யோசனை கேட்கிறார், ஃபீஸ் எதுவும் தரவில்லை, வக்காலத்தும் இல்லை. இரண்டு மாதம் கழித்து தம்பி வந்து அதே சொத்துக்குத் தாவா போடச் சொன்னால் எடுக்கலாமா? இன்னொன்று, ஐந்து பேர் சேர்ந்து வந்து பாகப்பிரிவினைப் பத்திரம் எழுதச் சொன்னால் நான் யாருடைய வக்கீல்?

முன்சீப்கோர்ட் வராண்டா:

எடுக்கக் கூடாது தம்பி. யோசனை சொல்லியிருந்தாலே, பிராது தயாரித்திருந்தாலே எதிர்த்தரப்புக்கு ஆஜராகக் கூடாது என்று விதி 33 சொல்கிறது. பணம் வாங்கினீர்களா என்பது அங்கே கேள்வி இல்லை. அண்ணன் உங்களை நம்பிச் சொன்னது அவருடைய ரகசியம், அதை வெளியிடக் கூடாது என்று சாட்சியச் சட்டமும் காப்பாற்றுகிறது, புதிய பி.எஸ்.ஏ.வில் 132-வது பிரிவு.

அதனால் வரிசையை மாற்றுங்கள். யார் வந்தாலும் பத்திரப் பையைப் பிரிப்பதற்கு முன் பெயர்களைக் கேளுங்கள்: இவர் யார், எதிரில் யார், எந்த ஊர் நிலம், சர்வே எண் என்ன. இதற்காக மூன்றாவது ஒரு ரிஜிஸ்டர் வையுங்கள். நம் பக்கம் குடும்பப் பெயர் கிடையாது, 'எம். முருகேசன்' என்று தேடினால் எதுவும் பிடிபடாது. அதனால் கிராமம் வாரியாக, சர்வே எண் வாரியாக எழுதுங்கள், பக்கத்தில் அப்பா பெயர். சண்டை நிலத்தில்தானே வருகிறது, சர்வே எண் ஒத்துப்போனால் உடனே தெரிந்துவிடும். யோசனை மட்டும் கேட்டுப் போனவரையும் அதில் ஏற்ற வேண்டும், அவரைத்தான் மறப்போம். உட்பிரிவு ஆன எண்ணென்றால் பழைய எண்ணையும் எழுதுங்கள்: 112/3பி என்று வருகிறவரும் 112/3 என்று வருகிறவரும் ஒரே குடும்பமாக இருப்பார்கள்.

ஏற்கெனவே யோசனை கேட்டவர் இருக்கிறார் என்று தெரிந்தால் தம்பியிடம் "இந்த விஷயத்தில் என்னால் வர முடியாது" என்று மட்டும் சொல்லி அனுப்புங்கள். "உங்க அண்ணன் வந்தார்" என்று சொன்னாலே ரகசியம் போயிற்று.

ஐந்து பேர் சேர்ந்து வந்தால், ஒத்துக்கொண்ட பங்கைப் பத்திரமாக எழுதித் தருவது வேறு, பங்கு எவ்வளவு என்று யோசனை சொல்வது வேறு. முதல் வேலை மட்டும்தான் ஐந்து பேருக்கும் சேர்த்துச் செய்யலாம். கூட்டத்தில் அக்கா தங்கை இருந்தால் அவர்களைத் தனியாகக் கேளுங்கள், அவர்கள் பங்கு என்னவென்று தெரிந்துதான் கையெழுத்துப் போடுகிறார்களா என்று. 1989 மார்ச் 25-க்கு முன் கல்யாணம் ஆனவர்களுக்குப் பூர்வீகத்தில் பங்கில்லை என்று ஊரில் இன்னும் சொல்வார்கள். அது தமிழ்நாட்டுத் திருத்தத்தின் நிலை. 2005 செப்டம்பர் 9 மத்தியத் திருத்தமும் 2020-இல் உச்ச நீதிமன்றத்தின் வினீதா சர்மா தீர்ப்பும் வந்தபிறகு, கல்யாணத் தேதியைக் காட்டி மகளை ஒதுக்க முடியாது. 2004 டிசம்பர் 20-க்கு முன்பே முறையாக முடிந்துபோன பாகப்பிரிவினை மட்டும் தப்பும். விவரம் தெரியாமல் அக்கா கையெழுத்துப் போட்ட விடுதலைப் பத்திரம் பத்து வருடம் கழித்து தாவாவாகத் திரும்பிவரும், எழுதிய வக்கீல் சாட்சிக் கூண்டில் நிற்க வேண்டியிருக்கும். அவர்களுக்குள் கருத்து வேறுபாடு தலைகாட்டினால் அன்றே நிறுத்தி, ஒவ்வொருவரையும் தனித்தனி வக்கீல் பார்க்கச் சொல்லுங்கள். அதன்பின் யாருக்கும் ஆஜராகாதீர்கள்.

தாய்ப்பத்திரம்:

ஒப்பீனியன் பற்றி யாரும் எழுதவில்லை, அதனால் நான். தாலுகா ஊரில் நிலையான வருமானம் இதுதான், பொறுப்பும் அதிகம். ஒருவர் வாழ்நாள் சேமிப்பைப் போட்டு வாங்கப்போகிற இடம்.

வில்லங்கச் சான்று 30 வருடத்துக்குப் போடுவது வழக்கம், ஆனால் எந்த எண்ணுக்குப் போட்டீர்கள் என்பதுதான் முக்கியம். இன்றைய உட்பிரிவு எண்ணுக்கு மட்டும் போட்டால், உட்பிரிவுக்கு முன் பெரிய எண்ணில் நடந்த கிரயம் வராது. பழைய சர்வே எண், உட்பிரிவு, புதிய எண் மூன்றுக்கும் போடுங்கள். கிராமம் ஒரு சார்பதிவகத்திலிருந்து இன்னொன்றுக்கு மாறியிருந்தால், மாறிய தேதிக்கு முந்தைய காலத்துக்குப் பழைய அலுவலகத்தையும் பாருங்கள். வில்லங்கத்தில் "நில்", அதாவது வில்லங்கம் எதுவும் இல்லை என்று வந்ததும் ஒப்பீனியன் எழுதிவிடாதீர்கள். பதிவாகாத உயில், வாய்மொழிப் பாகம், நிலுவைத் தாவா இவை எதுவும் அதில் தெரியாது. விற்பவர் பெயரையும் அவர் அப்பா பெயரையும் வைத்து ஈகோர்ட்ஸில் அந்தக் கோர்ட்டிலும் சப் கோர்ட்டிலும் தேடுங்கள்.

பட்டா உரிமைப் பத்திரம் ஆகாது. யு.டி.ஆர். (நிலப் பதிவேடுகளைப் புதுப்பித்த திட்டம்) காலத்தில் பெயர் மாறி ஏறிய பட்டாக்கள் இன்னும் நிறைய. பத்திரம் ஒருவர் பேரிலும் பட்டா வேறொருவர் பேரிலும் இருந்தால் முதலில் பழைய 'அ' பதிவேட்டை (கிராமத்தின் நிலங்களை சர்வே எண் வாரியாகக் காட்டும் வருவாய்த்துறைப் பதிவேடு) பாருங்கள். யு.டி.ஆர். பிழை என்றால் திருத்தம் மாவட்ட வருவாய் அலுவலர் வழியாகத்தான், தாசில்தாரிடம் பட்டா மாறுதல் மனுப் போட்டு அலைவது வீண். அதே 'அ' பதிவேட்டில் கோயில் நிலம், பஞ்சமி நிலம், அரசு ஒப்படை போன்ற குறிப்பு இருக்கிறதா என்றும் பாருங்கள். இன்றைய கணினிப் பட்டாவில் தனியார் பெயர் சுத்தமாக இருக்கும், பழைய பதிவேட்டில்தான் உண்மை கிடைக்கும்.

பத்திரச் சங்கிலியில் எங்காவது மைனருக்காக அம்மாவோ அப்பாவோ கையெழுத்துப் போட்டு விற்றிருந்தால் கோர்ட் அனுமதி இருந்ததா என்று கேளுங்கள். இல்லையென்றால் மைனர் வயதுக்கு வந்து 3 வருடத்துக்குள் கேட்க முடியும், அந்தக் காலம் முடிந்துவிட்டதா என்று பிறந்த தேதியோடு கணக்குப் போடுங்கள். பவர் மூலம் விற்றிருந்தால், கிரயத் தேதியில் பவர் கொடுத்தவர் உயிரோடு இருந்ததற்கு ஆதாரம் வேண்டும்.

ஒப்பீனியனில் "பத்திரங்களைப் பார்வையிட்டேன்" என்று பொதுவாக எழுதாதீர்கள். எது ஒரிஜினல், எது சான்றிட்ட நகல், எது வெறும் ஜெராக்ஸ் என்று ஒவ்வொன்றுக்கும் எதிரில் எழுதுங்கள். எதைப் பார்க்கவில்லை என்பதையும் எழுதுங்கள். ஒரிஜினல் தாய்ப்பத்திரம் தொலைந்துவிட்டது என்று சொல்லி நகல் மட்டும் காட்டினால், எங்கோ அடமானத்தில் இருக்கிறது என்றே முதலில் நினைத்து விசாரியுங்கள்.

புதுபோர்டு:

மேடம், மிக்க நன்றி. கடைசியாக ஒன்று: உடம்பு சரியில்லாத நாளிலோ, சப் கோர்ட்டில் மாட்டிக்கொண்ட நாளிலோ இங்கே கேஸ் கூப்பிட்டால்?

கட்டுக்காரர்:

பக்கத்து ஆபீஸ் சார் ஒருத்தரோட பரஸ்பரம் பேசி வைங்க சார், அவருக்கு நீங்க, உங்களுக்கு அவர். வக்காலத்துல ரெண்டு பேர் பேரையும் போடுறவங்க இருக்காங்க. ஆனா பேர் போட்டா அந்தக் கேஸ்ல அவரும் எதிர்த்தரப்புக்குப் போக முடியாது, அவர் ரிஜிஸ்டர்லயும் அந்த சர்வே நம்பர் ஏறணும், அதைச் சொல்லிட்டுப் போடுங்க. பேர் போடலைன்னா அவர் பெரும்பாலும் வாய்தா கேக்கிறதோட நிப்பார், சாட்சியைக் குறுக்கு விசாரணை பண்றதை அவர்கிட்ட எதிர்பார்க்க முடியாது. அதனால சாட்சி விசாரணை தேதி இங்கே இருக்கிற அன்னைக்கு சப் கோர்ட்ல எதையும் வாங்காதீங்க.

ஒவ்வொரு கட்டுலயும் முதல் பக்கமா ஒரு தாள் வைங்க. கேஸ் எதைப் பத்தி, இப்ப எந்தக் கட்டம், அடுத்து என்ன செய்யணும், எந்த ஒரிஜினல் எங்கே இருக்கு, கட்சிக்காரர் போன் நம்பர். ஒவ்வொரு வாய்தா முடிஞ்சதும் ஒரு வரி சேருங்க. பீரோ சாவியும் கெடு நோட்டும் எங்க இருக்குன்னு அந்தப் பக்கத்து ஆபீஸ் சாருக்கும் வீட்ல ஒருத்தருக்கும் தெரிஞ்சிருக்கணும்.